அத்தா விட்டுச்சென்ற ஜீப்

பாகப்பிரிவினையில் நிலத்தை அளந்துவிடலாம், நகையை நிறுத்துவிடலாம். சற்றே ஓடிப் பின் நின்றுவிடும் ஓர் எஞ்சினை எதைக்கொண்டு மதிப்பிடுவது? அத்தாவின் மறைவுக்குப் பின் நம் குடும்பத்தின் முன் எழுந்த கேள்வி இதுதான். அம்மா முன்னரே மறைந்துவிட்டார். ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் இருவர். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என ஆறு பங்கு. வீடும் காடும் சிக்கலின்றிப் பிரிந்தன. எஞ்சியது, காங்கயத்தை அடுத்த கொறங்காட்டுத் தடங்களில் முப்பதாண்டுகளுக்கும் மேலாக அத்தா ஓட்டிய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்.

காலை வேளையில் அது எளிதில் உயிர் பெறாது. பெற்றாலும் சிறிது நேரம் வெண்புகை கக்கும். அதன்பின் நன்றாகவே ஓடும். பத்து நிமிடம் சென்றதும் ஏற்றத்தில் இழுவை குன்றி நின்றுவிடும். அரைமணி நேரம் கழித்து, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். திருப்பூரில் ஒரு பட்டறையில் காட்டினோம். மூடியைக்கூடத் திறவாமல், "எஞ்சின் போய்விட்டது, இறக்கி போரிங் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும்" என்றனர்.

தம்பிக்கு வண்டியின்மீது ஆசை. "பழைய இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன், அண்ணே" என்றான். தங்கையர் இருவரும், "நீங்கள் பார்த்துச் சொன்னால் சரி, அண்ணே" என்று கூறிவிட்டனர். அந்தச் சொல் நம்மை உறங்கவிடவில்லை. குறை சிறியதாயிருந்து, வண்டி இரும்பு விலைக்குக் கைமாறினால், தேய்வது அவர்கள் பங்கல்லவா?

இவ்விடத்தில் ஒரு செய்தி. மகிந்திரா அண்ட் மகிந்திரா என இன்று வழங்கும் நிறுவனம் 1945இல் தோன்றியபோது அதன் பெயர் மகிந்திரா அண்ட் முகம்மது என்பதாகும். பங்காளியான மலிக் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதியமைச்சரானார்; 1948இல் நிறுவனத்தின் பெயர் மாறிற்று. பாகம் பிரிந்த பெயர்ப்பலகையைத் தாங்கிய வண்டி நம் வீட்டுப் பாகப்பிரிவினையில் வந்து நின்றது!

அதன் எஞ்சின் பிரான்சின் பேஜோ நிறுவனம் வகுத்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்பது பெயர்: சிலிண்டர் நான்கு, ஒவ்வொன்றின் குறுக்களவு 90 மில்லிமீட்டர். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்று இறுக்கமாக நெருக்கப்படும்போது எழும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ஆகவே அதற்குக் காற்று வேண்டும், நெருக்கம் வேண்டும், உரிய நேரத்தில் உரிய அளவு டீசல் வேண்டும். நிற்கிற எஞ்சினில் இவற்றுள் ஏதேனும் ஒன்று தவறியிருக்கும்.

மதரசாவில் உசூலுல் பிக்ஹு ஓதியோர் 'ஸப்ரு வ தக்ஸீம்' என்னும் முறையை அறிவர். ஒரு விதிக்குக் காரணமாகக் கூடியவை அனைத்தையும் முதலில் வகுத்து நிறுத்துவர். பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாததைத் தள்ளுவர். பல ஆண்டுகளாக மாணவர்க்கு நாம் சொல்லிக்கொடுத்துவரும் பாடம் இது. காங்கயத்தில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் ஜீப்பைக் கொண்டுசென்றபோது, அரபியில் ஓர் எழுத்தும் அறியாத அவர் அதே பாடத்தைக் கையால் நடத்தினார்.

முதலில் நெருக்கம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் ஆயில் எரிந்து நீலப்புகை வரும். ஆயிலும் குறைந்துகொண்டே போகும். அத்தாவின் குறிப்பேடு வண்டியிலேயே இருந்தது. ஆயில் ஊற்றிய நாளையும் அளவையும் அரபுத்தமிழில் எழுதிவைத்திருந்தார். நாம் படித்துச் சொல்லச் சொல்லப் பெரியவர் விரல்விட்டு எண்ணினார். பல ஆண்டுகளாக அளவில் ஏற்றமே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். வளையம் தேய்ந்த எஞ்சினில் அங்கே புகை குபுகுபுவென்று அடிக்கும். இங்கோ மெல்லிய மூச்சு மட்டுமே வந்தது. "நெஞ்சு நன்றாயிருக்கிறது" என்றார்.

காற்று வடிகட்டியும் தூய்மையாக இருந்தது. அது அடைத்திருந்தால் கரும்புகை வந்திருக்கும். எஞ்சியது டீசல் வரும் வழி. பெரியவர் ஒரு கேனில் டீசல் நிரப்பி, எஞ்சினுக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு குழாயைப் பம்புக்கு இணைத்தார். வழியில் புகுந்த காற்றை வெளியேற்றினார். அக்கோலத்திலேயே காங்கயம் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவேயில்லை! வெப்பத்தால் நிற்கிறதோ என்ற ஐயமும் அத்துடன் தீர்ந்தது. எஞ்சின் அதுவே, சூடும் அதுவே. மாறியது டீசல் வந்த இடம் மட்டுந்தான்.

டாங்கியை இறக்கிக் கவிழ்த்தபோது பாசிபோல் திரண்ட நூற்பஞ்சு வெளிவந்தது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. டாங்கியின் மூடி என்றோ தொலைந்துபோக, அத்தா பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி அடைத்துவைத்திருந்தார். திருப்பூர்ச் சீமையில் அந்தத் துணிக்கென்ன பஞ்சம்? பட்டறைகளில் கை துடைப்பதே அதனால்தான். ஆண்டுக்கணக்கில் அதன் இழைகள் டீசலில் உதிர்ந்திருக்கின்றன. எஞ்சின் உறிஞ்சும்போது அவை குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றபின் மெல்ல விலகிவிடும். அரைமணி நேர மாயத்தின் விளக்கம் இவ்வளவே.

காலை வெண்புகை வேறொரு கதை. குளிர்ந்த எஞ்சினுக்குத் தொடக்கச் சூடு தரும் ஹீட்டர் பிளக்குகள் நான்கனுள் இரண்டு பாட்டரியில் இணைத்தும் சிவக்கவில்லை. அந்தச் சிலிண்டர்களில் எரியாத டீசலே வெண்மையாக வந்தது. பட்டறையினர் இரண்டு குறைகளையும் ஒன்றெனக் கொண்டு, எஞ்சினுக்கே இறுதி நாள் குறித்துவிட்டனர்.

பழுதுபார்த்த செலவைக் கழித்து, ஓடுகிற வண்டியாக ஜீப்பை மதிப்பிடச் செய்தோம். இரும்பு விலையினும் பன்மடங்கு வந்தது. தம்பியின் முகம் முதலில் வாடிற்று. பின்னர் ஓட்டிப் பார்த்துவிட்டு அவனே எடுத்துக்கொண்டான். தன் இரு பங்கு போக, மீதி நான்கு பங்கை இரண்டு தவணைகளில் தந்தான். டாங்கிக்கு வாங்கிய புதிய மூடியின் விலை கணக்கில் விடுபட்டிருப்பதாகச் சின்னத் தங்கை சுட்டிக்காட்டினாள். அதை நாம் கொடுத்தோம்.