டிஸ்னிக்கு வராதவர்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் ஆர்லாண்டோவை நோக்கிப் போகும் ஐ-75 நெடுஞ்சாலையில், எந்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாலும் ஒரு தமிழ்க் குடும்பமாவது கண்ணில் பட்டுவிடும். மிக்கி காது மாட்டிய பிள்ளைகள், கைபேசியில் டிக்கெட்டைச் சரிபார்க்கும் அப்பா, புளியோதரை டப்பாவைத் திறக்கும் அம்மா. சற்றுத் தள்ளி, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு, ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் தாத்தாவோ பாட்டியோ. எந்த நாள் எந்தப் பூங்கா, எந்த ராட்டினத்துக்கு எத்தனை மணிக்கு வரிசை என்று எக்செல்லில் திட்டம் போடுகிற நம் ஆட்கள், அந்தப் பெரியவர்களுக்கு ஒதுக்குவது ஒரே வரிதான்: “அவங்க ரூம்ல ரெஸ்ட் எடுப்பாங்க.”

எங்கள் வீட்டில் அந்த ஒரு வரிக்குரியவர்கள் என் அப்பாவும் அவருடைய அக்காவும். அப்பாவுக்கு 78 வயது. அத்தைக்கு எண்பதைத் தாண்டியது தெரியும், எவ்வளவு தாண்டியது என்பதில் பள்ளிச் சான்றிதழுக்கும் அத்தைக்கும் உடன்பாடு இல்லை. இருவரும் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான தொண்டியில் பிறந்து வளர்ந்தவர்கள். டிஸ்னி என்றதும் அத்தை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்: “ராட்டினம் சுத்தவா இம்புட்டுத் தூரம் பிளைட் ஏறி வந்தேன்?”

அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு நாள் டிக்கெட் தலைக்கு நூறு டாலரைத் தாண்டும், கிறிஸ்துமஸ் வாரத்தில் இன்னும் ஏறும். உள்ளே போனால் நாள் முழுக்கப் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத நடை. வாடகைக்குச் சக்கர நாற்காலி கிடைக்கும் என்றேன். “அதுல ஒக்காந்தா ஊர்ல என்ன நெனைப்பாக?” ஊர்க்காரர் யார் இங்கே பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். “நீங்கதான் போட்டோ எடுத்துக் குரூப்ல போடுவீகள்ல!”

சரி, வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட எனக்கு மனமில்லை. ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் கிஸிம்மியில் அடுப்படியோடு கூடிய வாடகை வீடு எடுத்திருந்தோம். நல்ல வீடுதான். ஆனால் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் அவர்கள் செய்துகொண்டிருந்ததே ஓய்வுதான்: ஆளில்லாத தெருவை ஜன்னல் வழியாகப் பார்ப்பது, ஊருக்குப் போன் போட அங்கே விடியும்வரை காத்திருப்பது. அதையே இன்னொரு ஜன்னலில் தொடர்வதற்குப் பெயர் சுற்றுலாவா? அதனால் நானும் கணவரும் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் பிள்ளைகளோடு பூங்காவுக்கு, மற்றவர் பெரியவர்களோடு வெளியே. எனக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே இதைத் தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதலில் விண்டர் பார்க். ஆர்லாண்டோவை ஒட்டிய சிறிய ஊர். பெரிய மரங்களின் நிழலில் கடைவீதி, உட்கார நிறைய பெஞ்சு. அங்கே 1938 முதல் ஓடும் படகுச் சுற்றுலா ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மூன்று ஏரிகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஏரிகளை இணைக்கும் கால்வாய்கள், ஒரு காலத்தில் வெட்டிய மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோன பாதைகள். படகு நுழைந்தால் இரண்டு பக்கமும் கைநீட்டி இலையைத் தொடலாம்போல அத்தனை குறுகல். படகுக்குக் கூரை கிடையாது என்பதால் தொப்பி அவசியம். அத்தை முந்தானையால் சமாளித்துக்கொண்டார். கரையோர மாளிகைகள் ஒவ்வொன்றின் கதையையும் படகோட்டி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தை திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: “இம்புட்டுப் பெரிய வீட்டுல எத்தன பேரு இருக்காக?” படகோட்டியிடம் கேட்டேன். பெரும்பாலும் இரண்டு பேர் என்றார். அன்று முழுவதும் அக்காவும் தம்பியும் பேசித் தீர்த்தது அந்த இரண்டு பேரைப் பற்றித்தான்.

அதே கடைவீதியில்தான் மோர்ஸ் அருங்காட்சியகம். லூயி கம்ஃபர்ட் டிஃப்பனியின் கண்ணாடி வேலைகள் இவ்வளவு செறிவாக வேறெங்கும் இல்லை. கண்ணாடி விளக்கு பார்க்கத் தொண்டிக்காரர்களை அழைத்துப்போவதா என்று எனக்கே கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் உள்ளே ஒரு முழுத் தேவாலயமே நிற்கிறது. தூண், பலிபீடம், தரை என்று எங்கு பார்த்தாலும் சில்லுச் சில்லாக ஒட்டிய கண்ணாடியும் பொன் மினுக்கும். மேலே சிலுவை வடிவில் ஒரு பெரிய தொங்கு விளக்கு. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக டிஃப்பனி செய்தது அது. பிறகு கைமாறி, கழற்றப்பட்டு, நியூயார்க்கில் டிஃப்பனியின் சொந்த மாளிகைக்கே திரும்பி, 1957-இல் அந்த மாளிகை தீப்பற்றிய பிறகு மீட்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது.

ஆண்டைப் படித்துச் சொன்னதும் அப்பா நிமிர்ந்தார். “தொண்ணூத்தி மூணு சிகாகோவா? நம்ம சேதுபதி மகாராசா அனுப்பி வச்ச சிகாகோவா?” அதேதான். அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் செப்டம்பரில் சர்வசமயப் பேரவை கூடியது. விவேகானந்தரை அதற்குப் போகச் சொல்லித் தூண்டியவர்களில் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடுவீடாகப் போய்ப் பணம் திரட்டினார். 1897 ஜனவரியில் சுவாமி பாம்பனில் வந்து இறங்கியபோது மன்னரே வண்டியை இழுத்த கதையை ராமநாதபுரத்துப் பிள்ளைகள் யாரும் மறப்பதில்லை. அப்பா அந்தக் கதையை என்னிடம் சொல்ல, நான் அங்கே காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் பாட்டியிடம் சொல்ல, அவர் அப்பாவிடம் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். விவேகானந்தர் இந்தத் தேவாலயத்தை அங்கே பார்த்தாரோ இல்லையோ, அப்பா பார்த்துவிட்டார். நுழைவுக் கட்டணம் ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும்.

கென்னடி விண்வெளி மையம் கணவரின் முறை. அதற்கு அத்தை வரவில்லை, காலை நீட்டி ஒரு நாள் படுக்க வேண்டும் என்றார். அது அவரே கேட்ட ஓய்வு, கணக்கு வேறு. டிக்கெட் அங்கேயும் மலிவில்லை, ஆர்வம் இல்லாதவரை இழுத்துப் போகக் கூடாது. அப்பாவுக்கு ஆர்வம் இருந்தது. 1969 ஜூலையில் சந்திரனில் மனிதன் இறங்கிய செய்தியை ரேடியோவில் கேட்ட இளைஞர் அவர். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துச் சாட்டர்ன் ராக்கெட், 110 மீட்டர் நீளம், ஒரு கொட்டகைக்குள் படுக்கைவசமாகக் கிடக்கிறது. அதன் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாராம். கணவர் அனுப்பிய படங்களில் ராக்கெட் பாதி, அப்பா பாதி.

அவுட்லெட் மாலுக்கும் போனோம். அது நம் சந்தோஷம், அவர்களுடையது அல்ல. ஒவ்வொரு சட்டை விலையையும் ரூபாயில் பெருக்கி அத்தை எங்களைக் களைக்க வைத்தார்.

புளூ ஸ்பிரிங்குக்குத்தான் நான் வெகுநாளாகத் திட்டம் வைத்திருந்தேன். ஆர்லாண்டோவுக்கு வடக்கே, ஆரஞ்ச் சிட்டி என்ற ஊரில் ஒரு மாநிலப் பூங்கா. செயின்ட் ஜான்ஸ் ஆற்றோடு ஓர் ஊற்று வந்து கலக்கும் இடம். ஊற்று நீர் ஆண்டு முழுவதும் 22 டிகிரி. குளிர்காலத்தில் ஆற்று நீர் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது, கடற்பசுக்கள் கூட்டம் கூட்டமாக ஊற்றுக்குள் வந்து ஒதுங்குகின்றன. பார்வைக்கு அத்தனை பருமன் என்றாலும் உடம்பில் கொழுப்பு கொஞ்சம்தான், குளிர் தாங்காது. 2024 ஜனவரியில் ஒரே நாளில் 900-க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள்.

விடியலிலேயே கிளம்பிவிட்டோம். ஆற்றங்கரையில் நின்றதும், இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது என்று சொன்னேன். கிட்டத்தட்ட 500 கிலோமீட்டரும் அப்படித்தான் ஓடுகிறது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டார். “உத்தரவாகினியா? முன்னாடியே சொல்லியிருந்தா குளிச்சிட்டு வந்திருப்பேன்ல!” குளிரில் பல் கிட்டிக்கக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தம்பதி, என்னவோ ஏதோ என்று அவர்களும் அந்தத் திசையில் பார்த்தார்கள்.

ஊற்றின் கரையோடு அரைக் கிலோமீட்டர்போல மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். படி இல்லை, கைப்பிடி உண்டு. நீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. முதலில் கண்ணுக்குத் தெரிந்தது தரையில் கிடக்கும் சாம்பல் நிறப் பாறைகள். பிறகு ஒரு பாறை மெல்ல மேலே வந்தது. இரண்டு மூக்குத் துளைகள் மூடி திறப்பதுபோல் திறந்து, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு, மூடிக்கொண்டன. முதுகில் பாசி. அதன் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், படகின் சுழலி வெட்டிய வடு. அந்த வடுவை வைத்துத்தான் எது எந்த விலங்கு என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஒரு குட்டி தாயின் துடுப்புக்குப் பின்னால் வாயை வைத்துக்கொண்டிருந்தது. பால் அங்கேதான் சுரக்கும் என்று அப்பா சொன்னார். எப்படித் தெரியும் என்று திரும்பினேன்.

“நம்ம கடல்ல உள்ள ஆவுளியாதானம்மா இது. வாலு மட்டும் வேற. அதுக்கு மீன் வால் கணக்கா ரெண்டாப் பொளந்திருக்கும். இதுக்குப் பாரு, தோசைக் கரண்டி மாதிரி.”

“நீங்க பாத்திருக்கீங்களாப்பா?”

“சின்னப்புள்ளயில. கரையில செத்துக் கெடந்துச்சு. கறி போடுவாக அப்பல்லாம். உசுரோட இன்னைக்கித்தான் பாக்குறேன்.”

ஆவுளியாவும் புளோரிடாக் கடற்பசுவும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுக்கார இனங்கள். இது ஆற்று நீருக்கும் வரும், நம்முடையது கடலை விட்டு வராது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் ஆவுளியாவை வேட்டையாடுவது குற்றம். 2022-இல் தமிழக அரசு, தொண்டிக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல் ஆவுளியாக் காப்பகம். கைபேசியில் தேடி இதைப் படித்துக் காட்டினேன். அப்பா தலையாட்டினார். அதற்குள் அங்கிருந்த நாலைந்து அமெரிக்கக் குழந்தைகள் அவர் கைகாட்டும் பக்கமெல்லாம் பார்க்க ஆரம்பித்திருந்தன. ஆங்கிலம் குறைவு, ஆனால் வால் வித்தியாசத்தை இரண்டு கையால் அவர் செய்து காட்டியதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

பிறகு மரத்தடி மேசையில் தயிர்சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும். மூன்று மணிக்கு வீடு. ஒரு நாளைக்கு ஓரிடம் போதும், இரண்டாவது இடம் என்று ஆசைப்பட்டால் முதல் இடமும் கசந்துபோகும். எங்கே போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துச் சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். இந்த இரண்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

புளூ ஸ்பிரிங்குக்குப் போக நினைப்பவர்கள் நவம்பர் நடுவிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். குளிர் அதிகமான காலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், வெயில் ஏறினால் கடற்பசுக்கள் ஆற்றுக்குத் திரும்பிவிடும். எட்டு மணிக்கு வாசல் திறக்கும். விடுமுறை நாட்களில் வண்டி நிறுத்தும் இடம் காலையிலேயே நிரம்பி, வாசலை அடைத்துவிடுவார்கள். கட்டணம் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு 6 டாலர்.