சபையில் நாங்கள்

நாமக்கல் பக்கம்,
ஆடி 2

அன்புள்ள நண்பனுக்கு,

நோம்பிக்கு ஊர் வந்து சேர்ந்தேன். சேலத்தில் பேருந்து ஏறி மல்லூரைத் தாண்டினால் குச்சிக்கிழங்குக் காடுகள், ராசிபுரத்தில் போதமலை, அதற்கும் அப்பால் நீலமாகக் கொல்லிமலை. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது சேலம் ஜில்லாதான்.

நீ தெற்கத்திக்காரன். தேங்காய் சுடும் நோம்பியை நீ பார்த்திருக்க மாட்டாய். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கங்களில் ஆடி 1-ம் தேதி வீட்டுக்கு வீடு நடக்கும். தேங்காயின் நாரைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஓட்டைக் கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்குவோம். ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல், பொட்டுக்கடலை எல்லாம் போட்டு, கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சிக் குச்சியால் அடைப்போம். மஞ்சள் பூசி நெருப்பில் காட்டினால் ஓடு வெடிக்கும் நேரத்தில் தெருவே மணக்கும். பிள்ளையாருக்குப் படைத்த பிறகுதான் வாய்க்கு. பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, முதல் நாள் சுடுகிற தேங்காய் அதற்கான வேண்டுதல் என்பது இங்குள்ள நம்பிக்கை.

நேற்றும் சுட்டோம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், அண்ணன்கள் மூவருக்கும் இளையவளான அத்தை. அண்ணன்மார் அத்தைக்கு நோம்பிச் சீலை வைத்துக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு அத்தை மெதுவாகக் கேட்டாள்: “ஏனுங்கண்ணா, அப்பன் எழுதினாரு, சரி. மூணு பேரும் கையெழுத்துப் போட்டீங்களே, அன்னிக்கு என் பேச்சு ஒருத்தர் வாயிலயும் வரலீங்களா?”

அது 2003-ல் எழுதிப் பதிந்த பாகப்பிரிவினைப் பத்திரம். தாத்தா உயிரோடு இருக்கும்போதே காட்டை மூன்று மகன்களுக்கும் பிரித்துவிட்டார். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த சட்டம் 25.3.1989-ல் அமலுக்கு வந்தபோது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. அத்தைக்குக் கல்யாணம் 1984-ல். மத்திய அரசின் 2005 திருத்தம் கல்யாணமானவர்களையும் சேர்த்தது; ஆனால் 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடவில்லை. வக்கீலான உனக்குத் தெரியாததல்ல. அத்தைக்கும் தெரியும். அவள் கேட்டது சட்டத்தை அல்ல.

வீட்டு ஆசாரத்தில் யாரும் பேசவில்லை. பெரியப்பா வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் தேங்காயை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் கூத்து: பாஞ்சாலி துகில். எல்லோரும் போனோம். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் சேர்ந்து எழும்போது அங்கே உட்கார்ந்திருப்பதே பெரிய சுகம். மேட்டூர் வட்டத்து ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழும் களரி அமைப்பும் நடத்தி இந்தக் கூத்தர்களுக்காக உழைத்து வருகிறார். ஒரு விடியவிடியக் கூத்தைப் பார்த்தால் ஏன் என்று உனக்கே புரியும்.

கட்டியக்காரன் சொல்லும்போதுதான் உறைத்தது: அதுவும் ஒரு விசேஷத்துக்கு உறவைக் கூப்பிட்ட கதை. புது மண்டபம் பார்க்க வாருங்கள் என்று பங்காளிகளை அழைக்கிறார்கள். விருந்தில் ஆரம்பித்துச் சூதில் முடிகிறது. பீஷ்மருக்கும் துரோணருக்கும் தனியாக வேஷக்காரர்கள் இல்லை. சபைக்கு இழுத்துவரப்பட்ட பாஞ்சாலி தலைவிரிகோலமாய் எங்கள் பக்கம் திரும்பினாள். தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைத்தாட என்ன பாத்தியதை என்று கேட்டாள். பாயில் முன்வரிசையில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா, நான். பாட்டு நின்று மிருதங்கமும் அடங்கிவிட்டது. பெரியப்பா மெல்லத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

துச்சாதனன் வேஷம் கட்டியவர் சீலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து பாஞ்சாலிக்குச் சீலைகள் வந்தன. அத்தை எழுந்துபோய், சாயங்காலம் வாங்கிய நோம்பிச் சீலையை, மடிப்புக் கலையாமல், அவள் தோளில் போர்த்திவிட்டு வந்தாள்.

துச்சாதனன் கெட்டவன் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நல்லவர்களை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நேற்று என் அப்பாவின் முகத்தில் அவர்களைப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷன். அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. பதினெட்டாம் பெருக்கன்று மோகனூர்க் காவிரியில் எல்லோரும் மறுபடி கூடுவோம், அதற்குள் பேசிவிடுவேன். கிணற்றடிக் காட்டில் அத்தைக்கு ஒரு பங்கு எழுதச் சொல்லப்போகிறேன். அண்ணன் தங்கைக்கு எழுதித் தருவதற்குத் தானப் பத்திரம் சரியா, செட்டில்மென்ட் பத்திரம் சரியா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று உடனே பதில் எழுது.