திரும்பி வரும் எண்ணெய்

ராசிபுரத்தைச் சுற்றியுள்ள செம்மண் பிரதேசத்தில் விவசாயியின் வேலை உழுவதோடு முடிந்துவிடுவதில்லை. பிடுங்கிய குச்சிக்கிழங்கு (மரவள்ளி) கெடுவதற்கு முன் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளில் வாங்கிய எரு, பருவம் தவறாமல் வயலில் வந்து விழ வேண்டும். ஆகவே இங்கே டிராக்டர் வைத்திருப்பவர் பாதி உழவராகவும் பாதி வண்டிக்காரராகவும் ஜீவனம் நடத்துகிறார். அவருக்குத் துணைநிற்கும் கைகளுக்கும் இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலும் வேரூன்றி நிற்பதால், இரும்பின் குணத்தையும் அழுத்தம் ஏறிய எண்ணெயின் குணத்தையும் அறிந்த தொழிலாளர்கள் சிற்றூர்ப் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையை நேரில் காண வேண்டும் என்ற விருப்பத்தினால், ராசிபுரத்தை அடுத்த ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன்.

அன்று அங்கே 24 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர் ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரரான இளம் விவசாயி, வண்டியின் பின்புறத்தில் ஹைட்ராலிக் லைன் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார். கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்ட் வண்டியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணெய்ச் சக்தியை வண்டிக்கு வெளியே, பின்னால் பூட்டிய பெட்டிக்கோ கருவிக்கோ கொண்டு செல்ல வேண்டுமானால், தனியாக ஒரு வால்வும், லீவரும், ஹோஸைச் செருகிக் கழற்றும் கப்ளர்களும் அவசியம்.

எத்தனை ஹோஸ் வேண்டும் என்பதை லிஃப்டின் கதையே விளக்கும். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் மூன்று முனைகளில் கருவியைப் பூட்டி எண்ணெயால் இயக்கும் முறைக்கு 1926இல் காப்புரிமை பெற்று, 1939இல் ஃபோர்டு நிறுவனத்தின் டிராக்டர் வழியே அதை உலகெங்கும் பரப்பியபோது, எண்ணெயின் வேலை தூக்குவது மட்டுமே. இறக்குவதைக் கருவியின் பாரமே கவனித்துக்கொண்டது. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் வண்டிகளைத் தமிழ்நாட்டிலேயே தயாரித்தபோது, நம் உழவர்களுக்கும் அந்த லிஃப்ட் பழகிப்போயிற்று. சரக்கைச் சாய்த்துக் கொட்டும் டிப்பர் பெட்டியும் இதே தத்துவத்தைச் சேர்ந்ததுதான். எண்ணெய் மேலே தள்ளும். பாரம் கீழே இறங்கும். ஒரு ஹோஸ் போதும். ஆனால் சாலின் முடிவில் கொழுவைப் புரட்டிப்போடும் ரிவர்சிபிள் கலப்பைக்கு இரு திசையிலும் எண்ணெய் தள்ளியாக வேண்டும். அதற்கு இரண்டு ஹோஸ் வேண்டும்.

தலைமை மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் விசாரணையைத் தொடங்கினார்.

"லைன் எதுக்குங்க தம்பி? பெட்டிக்கா, கலப்பைக்கா?"

"இப்போதைக்கு டிப்பர் பெட்டிக்குத்தாங்ண்ணா. பின்னால ரிவர்சிபிள் கலப்பை வாங்கினாலும் வாங்குவேன். ரெண்டு லைனாவே போட்டுறலாமுங்களா?"

"பெட்டி உங்க சொந்தமுங்களா, இல்ல ஊர்ப் பெட்டிக்கெல்லாம் மாட்டுவீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது என்பதை அவர் பின்னர் விளக்கியபோது அறிந்துகொண்டேன். பெரும்பாலான டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கென்று தனி எண்ணெய் கிடையாது. கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் ஓடும் எண்ணெயே பம்ப் வழியாகச் சென்று பாரத்தைத் தூக்குகிறது. அயலார் பெட்டியைத் தூக்கும் ஜாக்கியில் மண்ணும், தண்ணீரும், தேய்ந்த இரும்புத் துகளும் கலந்த பழைய எண்ணெய் தேங்கியிருக்குமானால், பெட்டி இறங்கும்போது அந்த அழுக்கு முழுவதும் நம் வண்டியின் வயிற்றுக்குள் வந்து சேரும். ஒரு கிழட்டு ஜாக்கியிலிருந்து வடித்த எண்ணெயை அவர் விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். கறுத்த எண்ணெய்க்குள்ளே ஊசிமுனையளவு இரும்புப் பொடி மினுமினுத்தது. "போற ஆயிலை எல்லாரும் பாக்கறாங்க. திரும்பி வர்றதைப் பாக்கோணுமுங்க" என்றார்.

அளவும் ஒரு பிரதானமான விஷயம். 10 சென்டிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீட்டமும் உள்ள ஜாக்கிக்குள் ஏறத்தாழ 8 லிட்டர் எண்ணெய் போகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தமிருந்தால் அது 11 டன்னுக்கு மேற்பட்ட விசையுடன் தள்ளும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் தரும் பம்ப், பெட்டியை அரை நிமிஷத்துக்குள் நிமிர்த்திவிடும். ஆனால் அந்த 8 லிட்டரும் சிறு வண்டியின் எண்ணெயில் கணிசமான பங்கு. மட்டம் தாழ்ந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், பம்பும் தேயும். ஆகையால் ஜாக்கி முழுவதும் நீண்ட நிலையிலும் மட்டம் போதுமா என்று கணக்கிட்ட பிறகே அவர் வால்வைக் கையில் எடுக்கிறார்.

ஹோஸ் தயாராகும் இடத்தில் வெகுநேரம் நின்றேன். உள்ளே இரண்டடுக்குக் கம்பிப் பின்னல் கொண்ட ரப்பர்க் குழாயை அளந்து அறுக்கும் தொழிலாளி, அறுத்ததும் அதன் வாயில் ஒட்டியிருக்கும் கம்பிப் பொடியையும் ரப்பர்த் தூளையும் காற்றழுத்தத்தால் ஊதித் தள்ளுகிறார். ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனையை வானத்துக்கு நேரே பிடித்து, உள்சுவரில் ஒரு துணுக்கும் இல்லை என்று கண்ட பின்னரே முனையில் பூட்டும் நிப்பிளைச் செருகுகிறார். கிரிம்பிங் மெஷினின் தாடைகள் எல்லாப் பக்கமும் ஒன்றுசேர நெருங்கி, இரும்பு வளையத்தை ஹோஸின்மீது இறுக்குகின்றன. பிறகு வெர்னியர் காலிப்பரால் வளையத்தின் விட்டத்தை அளக்கிறார். குறைவாக இறுகினால் நிப்பிள் பிய்த்துக்கொண்டு போகும், மிகையாக இறுகினால் உள்ரப்பர் நசுங்கும். வேலை முடிந்த ஹோஸின் இரு வாய்களுக்கும் மூடி போடுவது அங்கே தொழில் பயிலும் பையனின் பொறுப்பு. அவன் ஒரு தடவையும் அதை மறந்ததாக நான் காணவில்லை.

வால்வைப் பூட்டுவதிலும் சாமர்த்தியம் தேவை. பம்பிலிருந்து வரும் எண்ணெய் புதிய வால்வுக்குள் நுழைந்து, லீவரைத் தொடாதபோது அப்படியே லிஃப்டுக்குச் செல்ல ஒரு வழியும், ஜாக்கியிலிருந்து வருவது நேரே தொட்டிக்குத் திரும்ப வேறொரு வழியும் இருக்க வேண்டும். லிஃப்டுக்குப் போகும் முதல் வழிக்குப் பவர் பியாண்ட் என்று பெயர். அந்த அமைப்பில்லாத மலிவான வால்வை நடுவே பூட்டினால், லிஃப்ட் பாரம் தூக்கும்போதெல்லாம் முழு அழுத்தமும் வால்வின் திரும்பும் அறையில் ஏறி, வார்ப்பையே பிளந்துவிடக்கூடும்.

இளைஞருடைய இரண்டாவது லைன் ஆசைக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. பிற்காலத்துக்கு உதவும் என்று இரு திசையிலும் எண்ணெய் தள்ளும் இரட்டை வால்வைப் பூட்டி, ஒரு வாயை அடைத்துவிட்டு டிப்பருக்குப் பயன்படுத்தினால், பெட்டியை இறக்கும்போதெல்லாம் பம்பின் எண்ணெய் அடைத்த வாயில் முட்டி, அழுத்தம் மிகும்போது திறக்கும் ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டு சூடேறும். இரண்டு கொழு ரிவர்சிபிள் கலப்பையோ இந்த 24 குதிரைத்திறன் வண்டி எளிதில் இழுக்கக்கூடியதன்று. ஆகவே ஒற்றை லைன் போதும் என்று மெக்கானிக் தம் அபிப்பிராயத்தைச் சொன்னார். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருப்பதால், கம்பெனியே தரும் வால்வு இருக்கிறதா என்று முதலில் டீலரிடம் விசாரித்து வரும்படியும் கூறினார். தம் கைக்கு வரக்கூடிய வேலை வேறிடம் போய்விடுமே என்ற தயக்கம் அவர் முகத்தில் இல்லை.

புறப்படுமுன் பையனைக் கூப்பிட்டு, வேறொரு வண்டியின் கசிவை எப்படிப் பார்ப்பது என்று செய்துகாட்டினார். ஹோஸின்மீது கையை வைக்காமல், சற்றே தள்ளி ஓர் அட்டையைப் பிடித்து நகர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிட்டால், வலி பெரிதாகத் தோன்றாவிட்டாலும் உடனே அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். இந்த ஆபத்தோடு தினந்தோறும் பழகும் தொழிலாளர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிறிய டிராக்டருக்குப் பின் லைன் வேண்டுமா என்று யோசிக்கும் எந்த விவசாயியும், வருஷத்தில் எத்தனை நடை எருவும் கிழங்கும் ஏற்றுகிறோம், அதை இறக்கும் ஆள்கூலி எவ்வளவு, எந்தக் கருவிக்கு எத்தனை ஹோஸ் தேவை, யாருடைய எண்ணெய் நம் வண்டிக்குள் வரப்போகிறது என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகு தீர்மானிப்பது நல்லது. அந்தக் கணக்கில் லாபம் தெரிந்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். முதுகொடிய மண்வெட்டியால் எருவை இறக்கும் உழைப்பு குறைவது நன்மையே. தெரியாவிட்டால் ஒரு வெள்ளாமை பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. இந்தக் கேள்விகளை வண்டியின் விளம்பரத் தாள் கேட்பதில்லை, பட்டறைக்காரர்தான் கேட்கிறார். அவருடைய கூலியில் அந்தக் கேள்விகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணிக் கொடுப்பதே நியாயம்.