கரையேறும் குஞ்சுகள்

அந்தமானில், ஹேவ்லாக் என்று நாம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் ஸ்வராஜ் தீவில், காலாபத்தர் கடற்கரையோரம் பொழுது சாயும் நேரத்தில் நடந்தால் துறவி நண்டுகள் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். காய்ந்த சருகுக்குள் கரகரவென்று சத்தம். குனிந்து பார்த்தால் சின்னதும் பெரியதுமாகச் சங்குகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பகல் வெயிலுக்குப் பயந்து தாழைத் தூரிலும் மர வேரிடுக்கிலும் ஒதுங்கிக் கிடந்தவை இரை தேடக் கிளம்பும் வேளை அது. உதிர்ந்த பழம், செத்த மீன், அலை ஒதுக்கிய பாசி என்று எதையும் விடாது.

தரையில் வாழும் நண்டு இது. முதுகில் சுமக்கும் சங்குக்குள் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு, அந்த ஈரத்தில் செவுளை நனைத்தபடி காற்றைச் சுவாசிக்கும். வளர்ந்த நண்டைக் கடலில் மூழ்கடித்து வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஆனால் இதன் பிள்ளைப் பருவம் முழுக்கக் கடலில்தான்.

தாய் நண்டு ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சங்குக்குள் தன் வயிற்றோடு ஒட்டவைத்து வாரக்கணக்கில் சுமக்கிறது. முதலில் செங்கல் நிறத்தில் இருக்கும் முட்டைகள், உள்ளே கரு தின்று தின்று மஞ்சட்கரு குறைய, சாம்பல் நிறமாகும். அப்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கண்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் தாய் அலை நனைக்கும் விளிம்புக்கு இறங்கி வருகிறது. கடல்நீர் பட்டதும் முட்டைகள் பொரிந்துவிடும். குஞ்சுகளை அலை கொண்டுபோகும், தாய் திரும்பி மரநிழலுக்கு ஏறிவிடும். தனக்கு உயிர்க்கொல்லியான நீரின் விளிம்பு வரைக்கும் வந்து பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தத் தாயை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு இளகும்.

கடலுக்குள் போன குஞ்சு நண்டின் சாயலிலேயே இருக்காது. சில மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி உடம்பு, அதில் பெரிய கண்கள். மிதவை உயிரிகளோடு மிதந்து, கிடைத்த நுண்ணுயிரைத் தின்று, பலமுறை சட்டை உரித்து வளரும். மீன்களுக்கு இரையாகாமல் தப்புவது மிகச் சில. தப்பியது கடைசியில் ஒரு குட்டிச் சிங்கி இறாலின் வடிவத்துக்கு மாறும். இந்தப் பருவத்துக்கு மெகலோப்பா என்று பெயர். இதன் வேலை இரண்டே: கரையோர நீரில் தன் அளவுக்கு ஒரு காலிச் சங்கைத் தேடி உள்ளே புகுவது, அதைச் சுமந்துகொண்டு நிலத்தில் ஏறுவது. சங்கு இல்லாத உடம்பு வெயிலிலும் காற்றிலும் சீக்கிரமே காய்ந்துவிடும். ஏறியபின் ஈர மணலுக்குள் புதைந்து மறுபடி சட்டை உரித்தால்தான் அது முழு நண்டு.

ஈர மணல் முடிகிற இடத்தில் மிளகளவு சங்கு ஒன்று நகர்வதைப் பார்த்துப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். என் நிழல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. இடது கொடுக்கு வலதைவிடப் பருத்திருந்தது. அதுதான் வாசலை அடைத்தது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன். முதலில் உணர்கொம்பு, பிறகு காம்புக் கண்கள், அப்புறம் கால்கள் வெளியே வந்தன. கடலைவிட்டு வந்து அதற்கு அதிக நாள் ஆகியிருக்காது.

இந்த நண்டு எதையும் கட்டுவதில்லை. வளர வளரப் பெரிய சங்கு தேட வேண்டும். பெரிய நண்டு விட்ட சங்குக்கு அடுத்தது, அது விட்டதற்கு அதற்கடுத்தது என்று வரிசை கட்டி மாறிக்கொள்ளும். கோஸ்டாரிகாவின் கடற்கரையில் மார்க் லைட்ரேயும் அவரோடு ஆய்ந்தவரும் கண்டது இன்னும் வியப்பானது. செத்த நண்டின் சதை வாடை எழுந்தால் மற்ற நண்டுகள் அந்த இடத்துக்கு ஓடிவருகின்றன. ஒருவர் செத்தால் ஒரு சங்கு காலி என்று அவற்றுக்குத் தெரியும்.

இந்த அறிவே இப்போது எமனாகியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கோகோஸ் தீவுகளில் ஜெனிபர் லேவர்ஸ் குழுவினர் ஒதுங்கிய பிளாஸ்டிக் குப்பையை ஆராய்ந்தார்கள். வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் நண்டு இறங்கிவிடும், வழுக்கும் சுவரில் ஏறி வர முடியாது. அது செத்து வாடை வந்தால் அடுத்தது வரும். ஒரே கலனில் 526 நண்டுகள் இருந்தன. அந்தத் தீவுகளில் மட்டும் 5,08,000 நண்டுகள் இப்படி மாட்டியிருக்கும் என்று 2019 இறுதியில் வெளியான அவர்கள் ஆய்வு மதிப்பிட்டது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே கரையிலிருந்து பாட்டிலைப் பொறுக்குவோரை நான் கும்பிடுவேன். ஆனால் அதே கையோடு சங்கும் பொறுக்கி ஊருக்குக் கொண்டுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. அலமாரியில் வைக்க எடுத்த ஒரு கைப்பிடி என்பது, கரையேறும் குஞ்சுகளுக்கு ஒரு கைப்பிடி வீடு. வண்ணம் பூசிய சங்கில் நண்டை அடைத்து விற்பது அதைவிடக் கொடுமை. கடல்நீரும் மிதவைப் பருவமும் வேண்டியிருப்பதால் இவற்றைத் தொட்டியில் வளர்த்துப் பெருக்குவது மிகக் கடினம். கடையில் இருப்பவை பெரும்பாலும் கரையில் பிடித்தவைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது, ஈரம் போதாத கண்ணாடிப் பெட்டியில் சில மாதங்களில் செவுள் காய்ந்து செத்துப்போகிறது.