பட்டியலில் இல்லாத ரிவால்வர்

கொலராடோ மாநிலத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தாகிவிடுவார் என்று குடும்பத்தாரோ போலீஸோ மனுப் போட்டால், அவருடைய துப்பாக்கிகளைச் சில காலம் அவர் கைக்கு எட்டாமல் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 'ரெட் ஃபிளாக்' சட்டம் என்று அமெரிக்காவில் எல்லோரும் சொல்வது இந்த வகைச் சட்டத்தைத்தான். கொலராடோ சட்டத்துக்கு ஸாக்கரி பாரிஷ் என்ற இளம் டெபுடியின் (ஷெரீஃபின் கீழ் பணிபுரியும் காவலர்) பெயரை வைத்தார்கள். மனநிலை குலைந்திருந்த ஒருவரின் வீட்டுக்கு 2017-ம் ஆண்டின் கடைசி நாளன்று போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர்.

இந்தச் சட்டத்தில் நான் பெரிதும் மதிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. துப்பாக்கியை இழக்கப்போகிறவருக்கு அரசே தன் செலவில் வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். அப்படி 2021 செப்டம்பரில் என்னிடம் வந்ததுதான் இந்த வழக்கு. கட்சிக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. ராக்கி மலையின் மேற்குச் சரிவில் மாடு வளர்த்தவர், கொஞ்சம் பீச் தோட்டமும் உண்டு. 2020 ஏப்ரலில் அடித்த உறைபனியில் பூ முழுக்கக் கருகி, அந்த ஆண்டு விளைச்சலே இல்லை. அடுத்த வசந்தத்தில் மனைவி இறந்துபோனார். மனு போட்டவர் டென்வரில் இருக்கும் அவருடைய ஒரே மகள். மனுவில் மூன்று காரணங்கள் சொல்லியிருந்தார். அப்பா நாயைப் பக்கத்துப் பண்ணையில் கொண்டுபோய் விட்டுவிட்டார். டிரக்கின் பத்திரத்தை மகள் பெயருக்கு மாற்றித் தபாலில் அனுப்பியிருக்கிறார். கடைசியாகப் போனில் பேசியபோது, "இனி உனக்கு என்னால் தொந்தரவு இருக்காது" என்றிருக்கிறார். மனுவோடு, வீட்டில் இருப்பதாக அவருக்குத் தெரிந்த ஆறு துப்பாக்கிகளின் பட்டியலையும் இணைத்திருந்தார்.

இடைக்கால உத்தரவு அன்றைக்கே பிறந்தது. டெபுடிகள் பட்டப்பகலில், முன்கூட்டிப் போன் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நிதானத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். மேரிலாந்தில் 2018 நவம்பரில் இதே போன்ற உத்தரவைக் கொடுக்க அதிகாலையில் கதவைத் தட்டிய போலீஸ், துப்பாக்கியோடு கதவைத் திறந்த வீட்டுக்காரரைச் சுட்டுக் கொன்றது. எங்கள் பக்கத்து ஷெரீஃப்கள் பலர் இந்தச் சட்டத்தை எதிர்த்ததற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம். அவர்கள் பயம் கற்பனையில்லை.

சட்டப்படி, துப்பாக்கிகளை ஷெரீஃப் அலுவலகத்தில் ஒப்படைக்கலாம், அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் வைக்கலாம். அவர் கடையைத் தேர்ந்தெடுத்தார். "அரசாங்கம் பூட்டி வைத்தால் பறிமுதல். எனக்குத் தெரிந்தவன் பூட்டி வைத்தால் அது வேறு" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது சமையலறைச் சுவரில் துப்பாக்கி மாட்டும் மரச்சட்டம் காலியாகக் கிடந்தது. சுவரின் சாயம் மற்ற இடங்களில் மங்கியிருக்க, துப்பாக்கிகள் இருந்த இடத்தில் மட்டும் நீளநீளமாகப் பளிச்சென்றிருந்தது. வழக்கைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். அவரோ ஒவ்வொரு தடத்தையும் விரலால் காட்டி, அங்கே என்ன இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். மேலே இருந்தது தாத்தாவின் வின்செஸ்டர் 94. நடுவில் எல்க் மான் வேட்டைக்கு எடுத்துப்போகும் ரைஃபிள். அதில் சுட்ட ஒரு மானின் இறைச்சி, உறைபெட்டியில் வைத்தால் இரண்டு பேருக்குக் குளிர்காலம் முழுக்க வரும். கீழே பன்னிரண்டு வயதில் அப்பா கொடுத்த ஷாட்கன். கதவோரம் சாத்தி வைத்திருந்த சின்ன .22, வாய்க்காலோரத்துக் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு. அவற்றின் வாலோசையைத் தன் விரல்களாலேயே மேசையில் தட்டிக் காட்டினார்.

ஆபத்து என்று 911-க்குப் போன் செய்தால், அந்தப் பண்ணைக்கு டெபுடி வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2023-ல் கணக்கெடுத்தது. நகரத்தில் இருக்கும் என் நண்பர்கள் அந்த எண்ணைப் பார்த்தால் பயத்தின் வெறி என்பார்கள். அந்தச் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தால், தன் வீட்டுக்குத் தானே பொறுப்பு என்று பழகிப்போன ஒரு மனிதர்தான் தெரிவார்.

நம் ஊரில் துப்பாக்கி உரிமம் என்பது கலெக்டர் பார்த்துக் கொடுப்பது. அங்கே 1791-ல் சேர்ந்த அரசியல் சட்டத் திருத்தம் அதை உரிமை என்கிறது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதரின் உரிமையே என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை ஏற்கிறவரோ மறுக்கிறவரோ, அங்கே வழக்காடுகிறவர் அதன்மேல் நின்றுதான் வழக்காட வேண்டும். என் கட்சிக்காரருக்கு அது தீர்ப்புகூட அல்ல. துப்பாக்கியை வாங்கிக்கொள்வது என்பது, உன்னை நம்ப முடியாது என்று ஊரறியச் சொல்வது. அவரை அதிகம் சுட்டது அதுதான். அதையும் சொன்னது சொந்த மகள்.

இனி வழக்கு. இடைக்கால உத்தரவு பிறந்து 14 நாட்களுக்குள் முழு விசாரணை நடக்க வேண்டும். அதில் ஆபத்தைத் தெளிவான, நம்பத்தகுந்த சான்றோடு நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. சிவில் வழக்குகளில் அது உயரமான படி. நாயைக் கொடுத்தது, பத்திரத்தை மாற்றியது, போனில் சொன்ன ஒரு வாக்கியம். வயதானவர்கள் செய்கிற ஏற்பாடுதானே இதெல்லாம் என்று குறுக்கு விசாரணையில் நான் கேட்டால், மகளால் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது. டாக்டர் சான்று எதுவும் இல்லை. முந்தைய மிரட்டல் இல்லை. ஜெயிக்கக்கூடிய வழக்கு. அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"ஜெயித்தால் எப்போது திரும்பி வரும்?"

"சில நாட்களிலேயே."

அவர் பேசவில்லை. பிறகு, நாம் பேசுவது வெளியே போகாதில்லையா என்று கேட்டார். போகாது, ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்கு உறுதிப்பட்டால் அந்த விதிக்கு விலக்கு உண்டு என்றேன். அதைக் கேட்டபிறகும் சொன்னார். டிரக்கின் முன்பெட்டியில் ஒரு ரிவால்வர் இருக்கிறது. மகளுக்குத் தெரியாது. டெபுடிகள் அதைக் கேட்கவில்லை.

இதை வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். கொலராடோவில் யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்பதற்கு அரசிடம் பதிவேடு கிடையாது. மத்திய அரசு அப்படியொரு பதிவேடு வைக்கக் கூடாது என்றே 1986-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதனால் இந்த உத்தரவு, கடைசியில், அந்த மனிதர் உண்மை சொல்வாரா என்பதில்தான் நிற்கிறது. ஏழாவது துப்பாக்கியை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் உலகில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதை வைத்திருப்பது உத்தரவை மீறுவது, குற்றம் என்றேன். வக்கீலாக அது போதும். ஆனால் சட்டத்துக்கு அப்பால், மனித வாழ்க்கை சார்ந்தும் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்ல எங்கள் தொழில்விதி இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை அன்று முழுக்கப் பயன்படுத்திக்கொண்டேன். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயன்றவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வேறு விதமாக முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னால் தற்கொலையால் சாவதில்லை. அந்த எண்ணம் வந்து போகிற நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதே கேள்வி என்றேன். நீங்கள் ஜெயித்தால் எனக்குத் தொழிலில் நல்ல பெயர், ஆனால் நீங்கள் ஜெயிப்பதை நான் விரும்பவில்லை, முடிவு உங்களுடையது, எதைச் சொன்னாலும் அதற்காக முழு பலத்தோடு வாதாடுவேன் என்றேன்.

நம் ஊர்த் தேர்தல் வழக்கத்தையும் சொன்னேன். தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள், ஓட்டு எண்ணி முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அதற்காக யாரையும் யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை என்றேன். "ரசீது கொடுப்பார்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

நான் கிளம்பும் முன்பே அவர் துப்பாக்கிக் கடைக்காரருக்குப் போன் செய்தார். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்தார். டிரக்கிலிருந்து அவரே ரிவால்வரை எடுத்து, குண்டுகளைக் கழற்றி, எண்ணைக் குறித்துக்கொண்டு, ரசீது எழுதிக் கொடுத்தார். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் தற்கொலைத் தடுப்புத் துண்டுப்பிரசுரங்கள் இருந்ததை முன்பே பார்த்திருந்தேன். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ல் ஒரே கடையில், ஒரே வாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் துப்பாக்கி வாங்கிப்போய் உயிரை விட்டார்கள். கலங்கிப்போன அந்தக் கடைக்காரரும் பொது சுகாதாரத் துறையினரும் சேர்ந்து தொடங்கியது 'கன் ஷாப் புராஜெக்ட்'. கொலராடோவும் அதை எடுத்துக்கொண்டது. துப்பாக்கியை வெறுக்கிறவர் சொன்னால் கேட்காத மனிதர்கள், அதை விற்கிறவர் சொன்னால் கேட்கிறார்கள்.

விசாரணை நாளில் நாங்கள் எதிர்க்கவில்லை. மகளின் வக்கீலோடு பேசி, சட்டம் அனுமதிக்கும் 364 நாட்களுக்கு உத்தரவை ஒப்புக்கொண்டோம். பழங்கால ஆயுதங்களை, தனி வீட்டில் வசிக்கும் உறவினரிடம் பின்னணிச் சோதனைக்குப் பின் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அதன்படி தாத்தாவின் வின்செஸ்டர் மட்டும் தம்பி வீட்டுக்குப் போனது. அக்டோபர் வேட்டைக்காலம் அவருக்கு இல்லை என்பதுதான் பெரிய இழப்பு. நீதிபதி அவரிடம், இது குற்றத் தீர்ப்பல்ல என்பது புரிகிறதா என்று நேராகக் கேட்டார். புரிகிறது என்றார். மகள் சாட்சிக்கூண்டில் ஏறவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவும் மகளும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்த அந்த வழக்கில் நான் காப்பாற்ற நினைத்ததில் அதுவும் ஒன்று.

2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 தற்கொலை. பள்ளிகளிலும் கடைகளிலும் நடக்கும் கூட்டுக் கொலைகள்தான் நம் செய்தித்தாள்களுக்கு வருகின்றன. என் கட்சிக்காரரைப் போன்ற முதிய கிராமத்து ஆண்கள் வருவதில்லை. கனெக்டிகட் மாநிலம் இத்தகைய சட்டத்தை 1999-லேயே கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு, பத்திலிருந்து இருபது பேரின் துப்பாக்கிகளை வாங்கி வைத்தால் ஒரு தற்கொலை தடுக்கப்படுகிறது என்று மதிப்பிட்டது. சட்டம் இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. 2022 நவம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸின் கிளப் கியூவில் ஐந்து பேரைக் கொன்றவர், முந்தைய ஆண்டே வெடிகுண்டு மிரட்டலில் கைதானவர். யாரும் இந்த மனுவைப் போடவில்லை.

நகரத் தெருக்களின் கொலைகளுக்கு இந்த மருந்து போதாது. அங்கே சுடுகிறவரும் சாகிறவரும் பெரும்பாலும் ஒரு சிறு வட்டத்து இளைஞர்கள். சட்டவிரோதத் துப்பாக்கிக்கு மனுவும் இல்லை, ரசீதும் இல்லை. பாஸ்டனில் 1996-ல் போலீஸும் பாதிரிமாரும் சமூக ஊழியர்களும் சேர்ந்து அந்த இளைஞர்களை நேரில் உட்காரவைத்துப் பேசியதும், சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர், தெருவில் மதிப்புள்ள முன்னாள் கும்பல்காரர்களையே பழிவாங்கலைத் தடுக்க அனுப்பியதும் நல்ல தொடக்கங்கள். அங்கும் வேலை செய்தது, கேட்கிறவர் மதிக்கும் ஆள் போய்ச் சொன்னதுதான்.

2024-ல் ரஹிமி வழக்கில், பிறர் உடல் பாதுகாப்புக்கு ஆபத்து என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. ஹெல்லரைக் கொண்டாடிய நீதிபதிகளும் அதில் இருந்தார்கள். திரும்பக் கொடுப்பேன் என்ற உறுதி இருந்தால் உரிமையும் உயிரும் ஒரே சட்டத்துக்குள் நிற்க முடியும் என்பது என் நம்பிக்கை. அந்த உறுதியை அரசு ஒருமுறை மீறினால், அடுத்த பண்ணையில் ஏழாவது துப்பாக்கியைப் பற்றி யாரும் வாய்திறக்க மாட்டார்கள்.

2022 இலையுதிர் காலத்தில் உத்தரவு முடிந்தது. நீட்டிக்கச் சொல்லி மகள் மனுப் போடவில்லை. பின்னணிச் சோதனை முடித்து அவர் தன் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார். ரிவால்வரைக் கடையிலேயே விற்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த வசந்தத்தில், மனைவியின் நினைவு நாள் நெருங்கும்போது, என் அலுவலகத்துக்கு வந்தார். இந்த முறை நீதிமன்றம் வேண்டாம், ஒரு காகிதம் எழுதிக் கொடுங்கள் என்றார். ஆண்டுதோறும் மார்ச் முதல் மே வரை துப்பாக்கிகள் தம்பி வீட்டில் இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் இரவல் கொடுக்க கொலராடோவில் பின்னணிச் சோதனை தேவையில்லை என்பதால் ஒரே பக்கத்தில் முடிகிற ஒப்பந்தம். அவர் கேட்டதும் தம்பி திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, அந்த வரியை அடித்தார். மகளும் சரி என்று சொன்ன பிறகு திருப்பித் தர வேண்டும் என்று மாற்றச் சொல்லி, மகளின் போன் நம்பரை எனக்குத் தந்தார்.