ஓரிரு நாள் தவணை

பழிவாங்கும் கதை என்றாலே பிள்ளைகளை எழுப்பி அனுப்பிவிடும் வழக்கம் நமக்குண்டு. ஆயினும் மசாக்கி கோபயாஷி 1962இல் இயக்கிய ‘ஹராகிரி’ என்னும் ஜப்பானியத் திரைப்படத்தை வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம் என்றே கருதுகிறோம். சிறுவர்களுக்கு ஆகாது, வயிற்றைக் கிழித்து உயிர்விடும் காட்சி மிகக் கொடியது. அச்செயல் நம் மார்க்கத்தில் ஹராம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கதை நிகழ்வது 1630இல், எடோ நகரில். இன்றைய டோக்கியோ அதுவே. பிரபுக் குடும்பங்கள் கலைக்கப்பட்டதால் சாமுராய் வீரர்கள் பலர் பிழைப்பின்றித் திரிந்த காலம். அவர்களுள் ஒருவர் ஹன்ஷிரோ. உயிர்நண்பர் இறக்கும்போது தம் மகன் மொட்டோமேயை இவரிடம் ஒப்படைத்துச் செல்கிறார். அந்த அமானிதத்தைப் பேணி வளர்த்து, தம் மகள் மிஹோவை அவனுக்கே மணமுடித்து வைக்கிறார். பேரனும் பிறக்கிறான்.

பிறகு வறுமை. மிஹோவுக்கு நோய், குழந்தைக்குக் காய்ச்சல், மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லை. பெரிய மாளிகைக்குச் சென்று, “இங்கே உயிரை மாய்த்துக்கொள்ள இடம் தாருங்கள்” என்று கேட்டால் ஏதேனும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்னும் பேச்சு அப்போது பரவியிருந்தது. மொட்டோமேயும் அவ்வாறே ஈயி குடும்பத்தாரின் மாளிகைக்குச் செல்கிறான். அவர்களோ, சொன்னதைச் செய்தே தீர வேண்டும் என்கின்றனர். ஓரிரு நாள் தவணை கேட்கிறான், கிடைக்கவில்லை. உறையிலிருந்தது மூங்கில் வாள். இரும்பை முன்பே விற்றிருந்தான். அந்த மூங்கிலாலேயே சாக வைக்கின்றனர். குழந்தையும் மிஹோவும் அவனைத் தொடர்ந்து இறக்கின்றனர்.

அவன் பொய்யான வேண்டுகோளோடு வந்தவன்தான்; மறுக்கவில்லை. ஆனால் எதற்காகத் தவணை என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே! கடனாளிக்கு அவகாசம் கொடுக்கக் கற்றுத்தரும் நமக்கு இவ்விடத்தைக் கடந்து செல்வது கடினமாக இருந்தது.

மருமகனின் மூங்கில் வாளைக் கண்டபின் ஹன்ஷிரோ தம் வாளை எடுத்து வீசியெறிகிறார். அதை விற்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பழியின் முதல் அடி அவர்மேலேயே விழுகிறது.

அக்கொடுமையில் முன்னின்ற மூவரை அவர் கொல்வதில்லை. குடுமியை மட்டும் அறுத்தெடுக்கிறார். அது மானத்தையே அறுப்பதாகும். மூவரும் நோயென்று சொல்லி ஒளிந்துகொள்கின்றனர். பின்னர் அதே மாளிகையின் முற்றத்தில் அமர்ந்து, அக்குடுமிகளை அவர்கள்முன் எறிகிறார். தவறு எங்களிடமும் உண்டு என்னும் ஒரு சொல்லுக்காகவே அவர் காத்திருந்தார் என்பது நம் எண்ணம். வந்தவை வாள்களும் துப்பாக்கிகளும்.

அன்று அவர் கையால் மாண்ட வீரர்கள் நோயால் இறந்ததாகவே மாளிகையின் கணக்கில் சேர்க்கப்படுகின்றனர்.