திரைக்கு உள்ளே இருந்தவர்கள்

வாய்மொழித் தேர்வு முற்பகலிலேயே முடிந்துவிட்டது. புறத்தேர்வாளராகச் சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் விருந்தினர் விடுதியின் மதிய உணவு வேண்டாமென்று சொல்லிவிட்டார். சற்றுமுன் முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த மாணவியை உடன் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் செகந்தராபாத் ரயில் நிலையத்தை நோக்கிப் புறப்பட்டார்.

மாணவியின் ஆய்வு ஹைதராபாதின் இரானி ஹோட்டல்களைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பம்பாய், புனே வழியாக வந்து சேர்ந்த இரானியர்கள் இந்நகரத்தின் தெருமுனைகளில் தேநீர்க்கடைகளை வைத்தார்கள். தெருக்குத்து மனை ஆகாதென்று பிறர் ஒதுக்கியதால்தான் அந்த மூலைகள் அவர்களுக்குக் கிடைத்தன என்று ஊரில் ஒரு கதை உண்டு. பளிங்குப் பலகை போட்ட மேசை, வளைமர நாற்காலி, சுவர்க்கண்ணாடி, உஸ்மானியா பிஸ்கட். வடிநீர் ஒரு பாத்திரத்திலும் சுண்டக் காய்ச்சிய பால் இன்னொன்றிலுமாகக் காத்திருந்து, கோப்பையில்தான் கலக்கும். ஒரு தேநீருக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். அபிட்ஸில் இருந்த ஓரியண்ட் ஹோட்டலில் கவிஞர் மக்தூம் மொஹியுதீன் முதலானோர் கூடிப் பேசியதை இன்றும் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஹேபர்மாஸ் 1962இல் ஐரோப்பியக் காப்பிக் கடைகளை முன்வைத்துப் பேசிய பொதுக்களத்தை மாணவி இந்த மேசைகளில் கண்டிருந்தார். நான்சி ஃபிரேசர் 1990இல் எழுப்பிய மறுப்புக்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்கியிருந்தார்.

தேர்வில் பேராசிரியர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் இயலின் நேர்காணல்கள் அனைத்தும் ஏன் ஆண்களுடையவை?

“அந்தக் காலத்தில் பெண்கள் அங்கே வருவதில்லை, மேடம்.”

பேராசிரியர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அறிக்கையில் கையெழுத்திட்டார்.

ஹோட்டல் அதே முனையில்தான் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் புதிய ஆள்; மேசைகளுக்கு மேல் ஃபார்மிகா. பரிமாறுபவர் இருவரையும் பார்த்ததும், குடும்ப அறை மேலே இருக்கிறது, ஏசி உண்டு அம்மா என்று தக்கினி உருதுவில் சொல்லி மாடிப்படியைக் காட்டினார். மாணவி அந்தப் பக்கம் திரும்பினார். வெயில் அப்படி. பேராசிரியரோ கூடத்தின் நடுமேசையில் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

வெறுஞ்சோறு, புளிப்புப் பருப்பு, ஓர் ஆம்லெட். பிரியாணி வரவழைக்கலாமே என்றார் மாணவி. 1997இல் உதவித்தொகை இதற்குத்தான் போதும் என்றார் பேராசிரியர். பருப்பின் புளிப்பு மட்டும் மாறவில்லை.

தார்னாகாவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த ஈராண்டும் அவர் இங்கேதான் சாப்பிட்டார். மதராஸ் படையோடு செகந்தராபாத் கண்டோன்மெண்டுக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்கள் அவருடைய ஆய்வுப் பொருள். ஒவ்வொரு முறையும் வாசலிலேயே “ஃபேமிலி” என்று கைகாட்டி, திரை போட்ட தடுப்பறைக்குள் அனுப்புவார்கள். தனியாக வந்த பெண்ணும் அங்கே ஒரு குடும்பம்தான். அவமதிப்பு என்று அன்று தோன்றவில்லை. நிம்மதியாகப் படிக்கலாம் என்றுகூட இருந்தது. திரைக்கு வெளியே கூடம் முழுக்க விவாதம் நடந்துகொண்டிருக்கும். உள்ளே இருந்தபடி அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் வெளியே யாரோ ஒருவர் தமிழில் பேசினார். தன் பாட்டனார் பட்டாளத்துக்குச் சரக்கு கொடுத்தவர் என்றும், அவருடைய கணக்கேடு இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறதென்றும் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு ஏட்டைத்தான் ஈராண்டாக அவர் தேடிக்கொண்டிருந்தார். திரையை விலக்கிக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஆண்கள் மேசையில் நின்று பெயர் கேட்க வேண்டும். எழுந்தார், திரைத்துணியைப் பற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. துணிந்து வெளியே வந்தபோது மேசையில் இரண்டு காலிக் கோப்பைகள் இருந்தன. அதன் பிறகு வந்த ஒவ்வொரு மதியமும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார். ஆய்வேடு அந்த ஏடு இல்லாமலேயே முடிந்தது. நூலாக வந்தபோதும் அந்த இயல்தான் மெலிந்து கிடந்தது. மதிப்புரை எழுதியவர்களும் சரியாக அதைத்தான் சுட்டினார்கள்.

பழைய இரானி ஹோட்டல் ஒன்று மூடப்படும்போதெல்லாம் உடன் படித்த நண்பர்கள் ‘நம் மேசை’ என்று எழுதுகிற அஞ்சலிகளை அவர் படிப்பதுண்டு. அவற்றுக்குக் கீழே ஒருமுறைகூட எதுவும் எழுதியதில்லை.

“இதையெல்லாம் நீங்கள் காலையிலேயே சொல்லியிருக்கலாமே, மேடம்” என்றார் மாணவி.

“தேர்வறையில் நான் கேள்வி கேட்க வந்தவள் அல்லவா?”

தேநீர் வந்தது. மாணவி கைப்பேசியை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி, சாசருக்குப் பக்கத்தில் வைத்தார். தடுப்பறை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டார். பேராசிரியர் திரும்பிப் பார்த்து, கைகழுவும் தொட்டியைச் சுட்டிக் காட்டினார்.